கோதில் விழுந்த வரி

அத்தியாயம் ஆறு

யோசப்பின் பட்டறை மேசையில் நீளமான கறுப்புப் பெட்டி ஒன்று பதினொரு நாளாகத் திறக்கப்படாமல் கிடந்தது. பெட்டிக்கு மேலே ஒரு கடிதம். கடிதத்தின் முதல் அரைப் பக்கத்தை அனுப்பியவரின் பெயரும் பட்டங்களும் பிடித்துக்கொண்டன: வேட்டைச் செம்மல், வனவிலங்குக் காவலர், வட எல்லைத் தமிழ் வேட்டைக் கழகத்தின் ஆயுட்காலத் தலைவர், வீடு விற்பனை முகவர் இரத்தினவேல். விஷயம் மிஞ்சிய இடத்தில் ஒடுங்கிக்கொண்டு கிடந்தது.

றோய் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு மடித்தான்.

"அக்கா, வேட்டைச் செம்மலும் அவர்தானாம், வனவிலங்குக் காவலரும் அவர்தானாம். அந்தப் பெரிய மூஸ் மான் பாவம், ஆரிட்டைப் போய் முறையிடுறது?"

ஜெயமலர் சிரிக்கவில்லை. மிசிசாகாவில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் இருபத்திரண்டு வருசம் இழப்பீட்டுக் கோரிக்கைகளைக் கிண்டிக் கிண்டிப் பார்த்தவள் அவள். எரிந்துபோன கடையைப் பார்த்து, எரிய முதலே வெளியே போன சாமான் எது என்று சொல்லுகிற ஆள். இப்போது தனியாகத் துப்பறிகிறாள். றோய் அவளுக்குக் கார் ஓட்டுகிறான், கோப்பு தூக்குகிறான், சம்பளத்துக்கு மேலதிகமாக வாயும் காட்டுகிறான்.

"யோசப் அண்ணை, கதையை நீங்களே சொல்லுங்கோ," என்றாள்.

யோசப் மன்னாரான். ஐம்பத்தெட்டு வயது. கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் கடைசல் இயந்திரத்தோடு வாழ்ந்து, நாலு வருசத்துக்கு முன்னர் அனுமதி எடுத்து, வெக்ஸ்போர்ட்டில் கண்ணாடிக் கடைக்கும் பல் வைத்தியருக்கும் பின்னால், துப்பாக்கி செய்து திருத்துகிற இந்தத் துவக்குப் பட்டறையைத் திறந்தவர். பேசும்போது கையைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். கையில் அழுக்கே இல்லை.

"ஆள் கேட்டபடி அளவெடுத்துச் செய்த துவக்கு, தங்கச்சி. ஆவணியிலை குடுத்தன். போன மாதம் வடக்கே மூஸ் வேட்டைக்குக் கொண்டு போயிருக்கிறார். ஒரே வெடியிலை மூஸ் விழுந்ததாம். ஆனா வெடிச்ச ரவைக்கோது உள்ளுக்கை இறுகி, போல்ட் எண்ட பின்பூட்டைத் திறக்கவே ஏலாமல் போச்சாம். மூஸ் திரும்பி வந்திருந்தால் தன்னை மிதிச்சிருக்கும் எண்டு எழுதியிருக்கிறார்."

"செத்த மூஸ் ஏன் அங்கிள் திரும்பி வரப்போகுது?" என்றான் றோய்.

"நானும் அதைக் கேக்கேல்லை தம்பி."

"கடிதத்திலை சனிக்கிழமை எண்டு போட்டிருக்கே, அது என்ன?" என்று கேட்டாள் ஜெயமலர்.

"கழகத்திலை அவருக்குப் பாராட்டு விழா. அந்த மேடையிலை இந்தக் கடிதத்தை வாசிச்சு, என்ர வேலையை ஒருத்தரும் எடுக்கக் கூடாதெண்டு தீர்மானம் போடப்போறார். பிறகு மாகாண அலுவலகத்துக்கும் அனுப்புவாராம். அவை வந்து பாத்து, பிழை எண்டால் அனுமதியை நிப்பாட்டுவினம். என்னட்டை வாற பத்துப் பேரிலை எட்டுப் பேர் அந்தக் கழகக்காரர்."

அன்று வியாழக்கிழமை. சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்.

"பெட்டியை ஏன் இன்னும் திறக்கேல்லை?"

யோசப் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையை எடுத்து மேசையில் வைத்தார். இரத்தினவேல் சாட்சிக்கு அனுப்பிய பித்தளைக் கோது. ஜெயமலர் மூக்குக்கண்ணாடியை மாட்டி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, மூன்றாவது திருப்பலில் கண்டுபிடித்தாள். கோதின் தோளுக்குச் சற்றுக் கீழே, சுற்றிவர, மயிர் தடிப்பில் ஒரு மேடு.

"துவக்கிலை ரவை போய் உக்காருற அறையைத்தான் சேம்பர் எண்டுறது," என்றார் யோசப். "வெடிக்கிற நேரம் கோது வீங்கிச் சேம்பர்ச் சுவரோடை அப்பும். சுவரிலை ஒரு கீறல் கிடந்தால் அதைப் படியெடுத்துக்கொண்டுதான் வெளியிலை வரும். பாஸ்போட் படம் மாதிரி. சேம்பரைக் கடையுற நேரம் ஒரு சின்ன இரும்புச் சுருள் இடையிலை மாட்டினால் இப்பிடித்தான் வட்டமாய் ஒரு கீறல் விழும். கோதும் அதிலை பிடிச்சுக்கொண்டு வராது."

"உங்கட கையாலை விழுந்த கீறலோ?"

"ரெண்டு வெடி வைச்சுப் பாத்துத்தான் குடுத்தனான். கோதிலை ஒரு வரியும் காணேல்லை. ஆனா அந்தக் கிழமை என்ர கண்ணாடி உடைஞ்சு, மனிசி கிளடிஸின்ர கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வேலை செய்தனான். அந்தக் கோதுகளையும் துவக்கோடையே அவரிட்டைக் குடுத்திட்டன்." குரல் இறங்கியது. "திறந்து பாத்து, பிழை என்ரயாய் இருந்தால்?"

றோய்க்கு மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஓ.எல். பரீட்சை முடிவு வந்த தபாலைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்த ஆட்களை அவன் வீட்டுக் கதைகளில் கேட்டிருக்கிறான். ஐம்பத்தெட்டு வயதில் ஒருவர் அதைச் செய்வதை இப்போதுதான் பார்க்கிறான்.

"உங்கட பிழையாய் இருந்தால் நானே சொல்லுவன்," என்றாள் ஜெயமலர். "திறவுங்கோ."

துவக்கு அழகாகத்தான் இருந்தது. வால்நட் பிடியில் இரத்தினவேலின் பெயர் தங்க எழுத்தில், வீடு விற்கும் பலகையில் இருக்கிற அதே எழுத்தில். யோசப் போல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு, வயிற்றுக்குள் விட்டுப் பார்க்கிற மாதிரி ஒரு ஒல்லிக் கமராவைச் சேம்பருக்குள் இறக்கினார். திரையில் பளபளவென்று உருக்குச் சுவர். பிறகு, மேல்பக்கமாக, மஞ்சளாக ஒரு பொருக்கு. வற்றிய குளத்துச் சேறு போல வெடித்துக் கிடந்தது.

மூன்று பேரும் திரைக்குக் கிட்டக் குனிந்தார்கள்.

"கடுகு சோஸ்," என்றான் றோய். "ஆள் துவக்கிலை ஹொட் டோக் சுட்டிருக்கிறார்."

"துருப்பிடிச்ச கறள் இல்லை," என்றார் யோசப். "கிறீசும் இல்லை. இப்பிடி ஒண்டை நான் இந்தத் தொழிலிலை கண்டதில்லை."

ஜெயமலர் ஒரு பஞ்சுக் குச்சியைக் கேட்டு வாங்கி, பொருக்கில் கொஞ்சம் சுரண்டி எடுத்தாள். நகத்தில் வைத்து நொறுக்கினாள். கேத்திலில் இருந்து ஒரு சொட்டு வெந்நீர் விட்டுக் குழைத்து, மூக்கருகே கொண்டு போனாள். பிறகு சேம்பரில் இருந்ததைப் படம் எடுத்துக்கொண்டு, சுரண்டியதைக் கடித உறைக்குள் போட்டு ஒட்டினாள்.

"என்ன அக்கா?"

"நீங்கள் ரெண்டு பேரும் வேதக்காரர், சேர்ச்சுக்குப் போறாக்கள். உங்களுக்குப் பிடிபடாது. இப்ப துடைச்சுப்போட்டு மிச்சத்தைப் பாப்பம், அண்ணை. கீறல் இருக்கோ இல்லையோ?"

யோசப் சேம்பரைக் கழுவித் துடைத்தார். குழலை உள்ளே துணியால் அடைத்தார். கொதிதண்ணீரிலேயே உருகுகிற ஒரு வகை உலோகம் அவரிடம் இருந்தது. அதைத் தேத்தண்ணிக் கேத்திலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சட்டியில் உருக்கி, சேம்பருக்குள் வார்த்தார். அது ஆறி இறுகும் வரைக்கும் யோசப் மேசையைத் துடைத்தார். துடைத்த மேசையை இன்னொரு தரம் துடைத்தார். றோய் பகிடி விட வாய் திறந்தான், ஜெயமலர் பார்த்த பார்வையில் மூடினான்.

குழல் பக்கமாகக் கோலை விட்டுத் தள்ள, வார்ப்பு வெள்ளியாக வெளியே வந்து விழுந்தது. சேம்பரின் அச்சு அசல் பிரதி. யோசப் அதைக் கையில் எடுக்கவில்லை. ஜெயமலர்தான் எடுத்து, நகத்தை மேலிருந்து கீழாக இழுத்தாள். சுற்றி இழுத்தாள். பிறகு அவருடைய விரலைப் பிடித்து அதன் மேல் வைத்தாள்.

எங்கேயும் தட்டவில்லை. முட்டை ஓடு மாதிரி வழுவழுவென்று இருந்தது.

யோசப் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தார்.

"அப்ப இந்தக் கோது இந்தத் துவக்கிலை வெடிக்கேல்லை," என்றான் றோய்.

"ஓம்."

"எண்டால் எந்தத் துவக்கிலை?"

"அதைத்தான் வேட்டைச் செம்மலிட்டைக் கேக்கப் போறம். கோதை எடு. வாயைப் பூட்டு."

இரத்தினவேலின் வீட்டுக்கு முன்னால் இரண்டு கல்சிங்கங்கள் இருந்தன. வரவேற்பறையில் மூஸின் கொம்பு ஒரு முழுச் சோபாவையும் பிடித்திருந்தது. அதனால் வந்தவர்கள் இரண்டு பேரும் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார வேண்டியதாயிற்று. சுவரில் சனிக்கிழமை விழாவுக்கான பதாகை காயவிட்ட வேட்டி போலத் தொங்கியது: 'ஒரே வெடியில் வீழ்த்திய ஒப்பற்ற வீரர்.' படத்தில் இரத்தினவேல் துவக்கோடு மூஸின் கழுத்தில் கால் வைத்து நின்றார். மூஸ் அவரைவிட அமைதியாக இருந்தது.

யோசப்பின் பெயரை ஜெயமலர் எடுக்கவில்லை. கழக மலரில் கட்டுரை எழுதப்போவதாகச் சொன்னாள். இரத்தினவேல் உடனே மீசையைத் தடவிக்கொண்டு நிமிர்ந்தார்.

"எழுதுங்கோ பிள்ளை. எங்கட சமூகத்துக்கு வீரம் எண்டால் என்னெண்டு தெரியவேணும்."

"உங்கட வீட்டு ஆயுத பூசையும் பெரிசெண்டு கேள்விப்பட்டன்," என்றாள் ஜெயமலர், கொப்பியை விரித்து.

றோய் நிலத்தைப் பார்த்துக்கொண்டான். மனிதரின் முகம் மலர்ந்த வேகத்தைப் பார்த்தால் சிரிப்பு வந்துவிடும் என்று பயம்.

"மற்ற ஆக்கள் மாதிரி ஒப்புக்கு ஒரு பொட்டு வைக்கிற ஆள் நானில்லை," என்றார் இரத்தினவேல். "வெளியிலை சந்தனம் வைச்சால் போதுமோ? சக்தி இருக்கிறது உள்ளுக்கையல்லோ. போல்ட்டைத் திறந்து, ரவை பிறக்கிற இடத்திலை, இந்தச் சின்ன விரலாலை வைச்சனான். ஐயரே அசந்துபோனார். வீடியோ இருக்கு, பாருங்கோ."

கைபேசியை நீட்டினார். பட்டு வேட்டி, கற்பூரம், மேளம், கமராவைப் பார்த்தபடி துவக்குக்குள் சின்ன விரல். மூலையில் திகதி: வெள்ளிக்கிழமை பின்னேரம்.

"பிறகு துடைச்சிருப்பியள்?"

"சாமிக்கு வைச்சதைத் துடைக்கிறதோ? நல்ல கதை. அப்பிடியே பெட்டியிலை வைச்சு வடக்கே கொண்டு போனனான். ஞாயிறு காலமை மூஸ்."

"அருமை," என்று எழுதிக்கொண்டாள் ஜெயமலர். "நீங்கள் அண்டைக்கு வெடி வைச்ச பிறகு, அந்தச் சந்தனத்துக்கு என்ன நடந்திருக்கும் அண்ணை?"

"என்ன நடக்கும்?"

"ஒரு வெடியின்ர நெருப்புக்கும் அமத்தலுக்கும் அது கருகிப் பொடியாய்ப் போயிருக்கும். கோதிலையும் அப்பியிருக்கும். நான் இண்டைக்குக் காலமை பாத்தன். மஞ்சளாய், வாசத்தோடை, கருகாமல் கிடக்கு." கடித உறையை எடுத்துக் கொம்புக்குப் பக்கத்தில் வைத்தாள். "அந்தப் பூசை வெள்ளிக்குப் பிறகு உங்கட துவக்கு வெடிக்கவே இல்லை."

இரத்தினவேல் பதாகையைப் பார்த்தார், அது ஏதாவது சொல்லித் தப்பவைக்கும் என்பது போல.

"நீங்கள் ஆர் அனுப்பின ஆள்?"

"அளவெடுத்துச் செய்த சேம்பர், அண்ணை. ஒரு நூல் இடைவெளிகூட இல்லை. அதுக்குள்ளை சந்தனம் காய்ஞ்சு கிடந்தால் ரவை முழுசாய் உள்ளுக்கை போகாது. போல்ட் பூட்டாது. இழுத்தால் வெளியிலையும் வராது. இறுகினது வெடிச்ச கோது இல்லை. வெடிக்காத ரவை. பிறகு ஆறுதலாய் நெம்பி எடுத்திருப்பியள்."

"கூட வந்த ஆக்கள் தள்ளி நிண்டு கேட்டவை, நான் அந்த ரவையோடை இழுபட்ட சத்தத்தை," என்றார் இரத்தினவேல் மெதுவாக. சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னார் என்று அவருக்கே விளங்கியது.

"அதுக்கொரு காரணம் வேணுமெல்லோ," என்றான் றோய் உதவியாக. "துவக்கு இறுகினதும் உண்மையாய் இருக்க வேணும், மூஸும் உங்கடயாய் இருக்க வேணும். இடையிலை ஒரு யோசப் இருந்தால் வசதி."

அந்த நேரம் குணவதி தேத்தண்ணித் தட்டோடு உள்ளே வந்தாள். இரத்தினவேலின் மனைவி. ஒல்லியான, சத்தமில்லாத மனுசி. கணவர் ஊர்ப் பேச்சில் அவளைப் பற்றிச் சொல்லுகிற ஒரே வசனம், "அவவும் துணைக்கு வாறவ, வேட்டைக் காம்பிலை சமைக்க ஆள் வேணுமே."

ஜெயமலர் கோதைப் பையில் இருந்து எடுத்து அவளிடம் நீட்டினாள். "அன்ரி, இதிலை ஏதோ பிழை இருக்காம். உங்களுக்குத் தெரியுதோ?"

குணவதி தட்டை வைத்தாள். கோதை வாங்கினாள். கண்ணாடி போடவில்லை. வெளிச்சத்துக்குத் தூக்கவில்லை. சேலைத் தலைப்பில் ஒரு தரம் துடைத்தாள், பெருவிரல் நகம் நேரே போய் அந்த வரியில் நின்றது.

காலையில் அந்த வரியைக் கண்டுபிடிக்க ஜெயமலருக்கு மூக்குக்கண்ணாடியும் மூன்று திருப்பலும் தேவைப்பட்டன. அது றோய்க்கு நினைவு வந்தபோது அவன் கையில் இருந்த பிஸ்கற் தேத்தண்ணிக்குள் விழுந்தது.

"எத்தினை வருசமாய் இந்த வரி விழுது அன்ரி?" என்று கேட்டாள் ஜெயமலர்.

"அது என்ர பழைய துவக்கு பிள்ளை. ஆரோ பாவிச்சதை வாங்கினது. இவரின்ர துவக்குக்குப் போடுற ரவைதான் அதுக்கும் சரி." குணவதி கோதைத் திருப்பிக் கொடுத்தாள். "ஒவ்வொரு முறையும் போல்ட்டிலை உள்ளங்கையாலை ஒரு தட்டுத் தட்டினால்தான் கோது வரும். பழகிப் போச்சு."

"மூஸுக்கும் அப்பிடித்தானோ?"

குணவதி கணவனைப் பார்த்தாள். அவர் கொம்பைப் பார்த்தார்.

"இவர் போல்ட்டோடை மல்லுக்கட்டிக்கொண்டு நிண்டார். அது எங்களைப் பாத்துக்கொண்டு நிண்டது. எவ்வளவு நேரத்துக்கு நிக்கும்? ஒரு வெடிதான். ஒரு கூட்டமாய்ப் போனால் ஆர் சுட்டாலும் சட்டத்திலை பிழையில்லை, எனக்கும் லைசன்ஸ் இருக்கு. தான் சுட்டதெண்டு சொன்னார். சொல்லட்டும் எண்டு விட்டன். இறைச்சி ரெண்டு பேருக்கும்தானே."

"கழகத்திலை சாட்சிக்குக் கோது எங்கை எண்டு கேட்டிருப்பினம்," என்றாள் ஜெயமலர் இரத்தினவேலிடம். "நிலத்திலை கிடந்தது அன்ரியின்ர கோது ஒண்டுதான். அதிலை வரி இருக்கெண்டு உங்களுக்குத் தெரியாது. கழகத்திலை ஆரோ கண்டுபிடிச்சு, இது செய்தவன்ர பிழை எண்டிருக்கினம். நீங்களும் அதையே பிடிச்சிட்டியள்."

"செய்தவன்ர பிழையோ?" என்றாள் குணவதி. "ஆர் செய்தவன்?"

றோய் கடிதத்தை நீட்டினான். அவள் பட்டங்களைத் தாண்டி, கீழ்ப் பாதியை நின்றபடியே வாசித்தாள். இரத்தினவேல் மீசைக்குக் கொண்டு போன கையைப் பாதியில் இறக்கினார். 

"இஞ்சருங்கோ," என்றாள் குணவதி. குரல் உயரவில்லை. "துவக்கைத் துப்புரவாக்க அனுப்பினது எண்டல்லோ எனக்குச் சொன்னியள்."

"குணம், அது வந்து…"

"மூஸை எடுங்கோ. மாலையைப் போடுங்கோ. எனக்கு மேடையும் வேண்டாம், பொன்னாடையும் வேண்டாம். ஆனா என்ர கோதைக் கொண்டு போய் ஒரு மனிசன்ர சோத்திலை மண் போடுறதெண்டால், சனிக்கிழமை நானும் விழாவுக்கு வாறன். நடந்ததைச் சொல்லுறன்."

இரத்தினவேல் எழும்பி மேசைக்குப் போனார். கழகத்துக்கு ஒன்று, யோசப்புக்கு ஒன்று என்று இரண்டு கடிதம் எழுதினார். யோசப்பின் வேலையில் குற்றம் இல்லை, பூசையில் வைத்த சந்தனத்தால் வேட்டையின்போது தடைப்பட்டது, முறைப்பாடு எதுவும் அனுப்பப்படமாட்டாது. வேகமாக எழுதினார். ஜெயமலர் வாங்கி வாசித்துவிட்டு ஒரு வரியைச் சுட்டினாள்.

"'வேட்டையின்போது தடைப்பட்டது' எண்டதை 'வெடி வைக்க முதலே தடைப்பட்டது' எண்டு மாத்துங்கோ."

"அப்ப விழாவிலை என்னெண்டு…"

"அது உங்கட கழகம், அண்ணை. நான் கட்டுரைக்கு வந்த ஆள்."

அவர் மாற்றி எழுதினார்.

வெள்ளிக்கிழமை காலை பட்டறை திறந்து கால் மணியாகவில்லை. ஜெயமலர் கணக்கை முடிக்க வந்திருந்தாள், றோய் பல் வைத்தியரின் தரிப்பிடத்தில் காரை விட்டுவிட்டு அதற்கான நியாயங்களை யோசித்துக்கொண்டிருந்தான். இரத்தினவேல் முன்னால் வந்தார், கடிதத்தைக் கொடுத்தார், துவக்கை எப்போது எடுக்கலாம் என்று சுவரைப் பார்த்துக் கேட்டார்.

"இப்பவே கொண்டு போகலாம்," என்றார் யோசப். கடிதத்தை இரண்டு கையாலும் வாங்கி வாசித்தார். கையைத் துடைக்கிற துணி இன்று இடுப்பில் கிடந்தது. "சேம்பரிலை எண்ணெய் மட்டும்தான் படலாம், ஐயா. சாமி கோவிக்கமாட்டார்."

பின்னால் குணவதி நின்றாள். கையில் பழைய துணிப்பெட்டி. அதைப் பூட்டுத் திறந்து, போல்ட்டைக் கழற்றி, துவக்கை மேசையில் வைத்தாள். யோசப் ஒல்லிக் கமராவை இறக்கினார். திரையில் சேம்பர்ச் சுவர், அதில் சுற்றிவர ஒரு கீறல், வயல் வரம்பு மாதிரித் தெளிவாக. யோசப் அப்படியே குனிந்து, கமராவை முன்னுக்கும் பின்னுக்கும் விட்டு, நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"இதை ஆர் கடைஞ்சது? இரும்புச் சுருளைத் துடைக்காமலே திருப்பியிருக்கிறான், பாருங்கோ, மூண்டு இடத்திலை. இதையும் வித்திருக்கிறானே."

றோய் அவரை இப்படி ஒரு சந்தோசத்தில் முதல்முறையாகப் பார்த்தான். ஊரில் இல்லாத ஒருவனின் வேலையில் பிழை பிடிக்கிற சந்தோசம்.

"சரிப்படுத்தலாமோ?" என்று கேட்டாள் குணவதி.

"குழலைக் கழட்டி, பின்பக்கம் கொஞ்சம் வெட்டி, சேம்பரைப் புதிசாய் இறக்கினால் வரி போயிடும். உள்ளங்கையாலை தட்டத் தேவையில்லை. ரெண்டு கிழமை." யோசப் வேலைச் சீட்டுக் கட்டைத் தட்டி எடுத்து, திகதியைப் போட்டார். பேனை அடுத்த கோட்டில் நின்றது. "பேர் என்னெண்டு எழுத?"

"இரத்தினவேல்," என்றார் இரத்தினவேல், பழக்கத்தில்.

குணவதி பேனையை யோசப்பின் கையில் இருந்து வாங்கி, சீட்டைத் தன் பக்கம் திருப்பி, தானே எழுதினாள்.